விடைத்தாளைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய பள்ளிக்கல்வித் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். திருத்திய தாளை வகுப்பில் எப்படிக் கொடுக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நானும் அப்படித்தான் வாங்கினேன், நீங்களும் அப்படி வாங்கியிருப்பீர்கள். முதல் மார்க்கில் தொடங்கி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, மார்க்கை உரக்கச் சொல்வார்கள். கட்டு மெலிய மெலியக் கூப்பிடும் குரலும் மாறும்.

சென்ற மாதம் ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் 41 பேர் வாங்கி முடிக்கும்வரை காத்திருந்தாள். கடைசித் தாள் அவளுடையது. "25க்கு 4. உனக்கெல்லாம் எதுக்குக் கணக்கு?" என்று சொல்லி ஆசிரியை அதை வீசியிருக்கிறார். தாள் முன் பெஞ்சுக்கு அடியில் போய் விழ, மற்றப் பிள்ளைகளின் கால்களுக்கு நடுவே கைவிட்டு எடுத்தாளாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. அவள் தோழி சொன்னாள்.

மூன்று நாள் கழித்து, சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் எட்டாக மடித்து வைத்திருந்த அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். ஆனாலும் எனக்கே புரிந்தது. ஆசிரியை கரும்பலகையில் எழுதிப்போட்டது 5/8 + 1/6. இவள் எழுதியிருந்தது 5/3 + 1/6. பகுதிகளைச் சரியாகச் சமமாக்கி, சரியாகக் கூட்டி, 11/6 என்று முடித்திருந்தாள். அடுத்த கணக்கிலும் எட்டு மூன்றாகியிருந்தது. அதற்கடுத்ததில் ஆறு பூஜ்யமாகியிருந்தது. எல்லாவற்றின் மேலும் சிவப்பு மையில் இன்ட்டு.

உயரமான பிள்ளை என்று அவளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கண் பவர் மைனஸ் இரண்டு, தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாதாம். அவளுக்குக் கணக்கு வராமலில்லை ஐயா, போர்டு தெரியவில்லை.

அன்று வீசிய கை, "ஏம்மா, எட்டை ஏன் மூணுன்னு எழுதினே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கனிவு என்று நான் கேட்பது அதைத்தான். கொஞ்சச் சொல்லவில்லை. தப்பு எங்கே நடந்தது என்று பிள்ளையின் முகத்தையும் தாளையும் சேர்த்துப் பார்ப்பது பாடம் நடத்துவதன் ஒரு பகுதி இல்லையா? அதனால் கேட்கிறேன்: விடைத்தாளைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். மார்க்கை வகுப்பில் வாசிக்க வேண்டாம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

பள்ளியில் போய்க் கேட்டதற்கு, "அடிக்கலையேம்மா, தாளைத்தானே போட்டாங்க" என்றார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவில் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. நீங்களும் இதை உணர்ந்தவர்கள்தான். 2017இல் பொதுத்தேர்வு முடிவுகளோடு ரேங்க் அறிவிப்பதையே நிறுத்தினீர்கள். பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் வேண்டாம் என்று விட்ட வரிசை, ஏழாம் வகுப்பில் ஒவ்வொரு தேர்வுக்கும் ஏன் நடக்க வேண்டும்? பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று காலைச் சோறு போடுகிற அரசுக்கு, அவமானப்பட்ட பிள்ளைக்கும் ஏறாது என்பது தெரியாதா?

ஆசிரியர்கள் மேல் மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை. ஒரு வகுப்பில் 42 பேர் என்றால் ஒரு தாளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. திருத்தும் நேரத்தில் பதிவேடு, தேர்ச்சி விகிதம், கூட்டம் என்று அவர்களையும் விரட்டுகிறார்கள். தேர்ச்சி குறைந்தால் ஆசிரியரை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். அந்த அவமானம்தான் கடைசியில் என் மகளின் தாளோடு பெஞ்சுக்கு அடியில் வந்து விழுகிறது. அதையும் நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். பெயரைக் கூப்பிடட்டும், மார்க்கைச் சொல்லாமல் தாளைப் பிள்ளையின் கையில் கொடுக்கட்டும். குறைந்த மார்க் வாங்கிய பிள்ளையிடம் ஏன் என்று தனியாக ஒரு வார்த்தை கேட்கட்டும்.

என் மகள் இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு போகிறாள். அடுத்த கணக்குத் தேர்வு வரும் வெள்ளிக்கிழமை. தாள் கொடுக்கும் நாளில் லீவு போட்டுக்கொள்ளட்டுமா என்று இப்போதே கேட்கிறாள். அதற்குள் உங்கள் சுற்றறிக்கை வந்தால் அவளைத் தைரியமாக அனுப்புவேன்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்