பழைய டெலிஃபிலிம்களின் மௌனத்தில் கை வைக்காதீர்கள்

தொலைக்காட்சிக்கென்றே எடுத்த பழைய டெலிஃபிலிம்களை மறுஒளிபரப்பும் நிலையங்களுக்கும், இணையத்தில் ஏற்றும் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

பாசு சாட்டர்ஜியின் ‘ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா’ (1986) ஏறக்குறைய முழுக்க ஓர் அறைக்குள் பன்னிரண்டு பேர் வாதாடுவதுதான். ஆனாலும் பாதியில் எழுந்து போக மனம் வராது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதில்தான் படமே இருக்கிறது. அன்றைய சின்னப் பெட்டியில் பரந்த காட்சிகள் எடுபடாது. முகமும் குரலும்தான் எடுபடும்.

இத்தகைய படங்களின் பழைய 4:3 (அகலம்:உயரம்) சட்டகத்தை இன்றைய அகலமான 16:9 திரைக்கு நிரப்ப வெட்டினால் உயரத்தில் கால்பங்கு போய்விடும். ஒருவர் நிற்க, இன்னொருவர் மேசையருகே உட்கார்ந்திருக்கும் காட்சியில் நிற்பவரின் நெற்றியோ, உட்கார்ந்தவரின் கையோ காணாமல் போகும். அந்தக் கை டம்ளரை மெல்லத் தள்ளிவைப்பதுதான் அங்கே பதிலாக இருந்திருக்கும். பக்கவாட்டில் இழுப்பது இன்னும் மோசம். இரு ஓரமும் கறுப்பாகவே இருக்கட்டும்.

எங்களுக்குப் பெரிய வருத்தம் ஒலியில்தான். டேப் இரைச்சலைப் போக்க, சத்தம் குறைந்ததும் ஒலியையே மூடிவிடும் நாய்ஸ் கேட் போட்டால், வசனம் நின்றதும் அது அடைத்துக்கொள்ளும். இரைச்சலோடு அறையின் ஒலியும் சேர்ந்து போய்விடும், பெருமூச்சு கேட்காது, அடுத்த வசனத்தின் முதல் எழுத்தும் விழுங்கப்படும். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரை அழுத்திப் போட்டாலோ இடைவெளிகளில் இரைச்சல் பொங்கும், முணுமுணுப்பும் கத்தலும் ஒரே அளவாகும். 50 ஹெர்ட்ஸ் மின் உறுமலை மட்டும், அந்த ஓர் அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் குறுகிய நாட்ச் ஃபில்டரால் எடுங்கள். மிச்ச இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும், பார்ப்பவர் காது இரண்டு நிமிடத்தில் பழகிவிடும். பின்னணி இசை சேர்க்கவே வேண்டாம்.

வீடியோ கேமராவில் எடுத்தவற்றில் நொடிக்கு 50 ஃபீல்டுகள் (ஒன்றுவிட்ட வரிகளாலான அரைப்படங்கள்) உண்டு. அவற்றை 25 பிரேமாகச் சுருக்கினால் பாதி அசைவு தொலையும், உதட்டோரச் சிறு துடிப்பு உட்பட. 50 பிரேமாகவே வெளியிடுங்கள். ஃபிலிமில் எடுத்தவற்றுக்கு 25 போதும்.

டேப்பை ஓட்டும்போது கிறீச்சென்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். ஈரம் ஏறிப் பசை இளகிய டேப், அதைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி உரிந்துவிடும். விஷயம் தெரிந்தவர்கள் ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூடேற்றினால் தற்காலிகமாகச் சரியாகும். தாமதிக்காமல் பிரதி எடுத்துவிட வேண்டும். அந்தப் பிரதியைத் தரம் குறையாத ஃபார்மட்டில் வையுங்கள்; திருத்தமெல்லாம் அதன் நகலில்தான்.

விளம்பர இடங்களைத் தானியங்கி முறைக்கு விடாதீர்கள். அது தேடுவது இடைவெளியை. இந்தப் படங்களிலோ இடைவெளிகள்தான் நடிப்பு. படத்திலேயே பாகம் முடியும் இடத்தை ஆள் ஒருவர் பார்த்துக் குறிக்கட்டும்.

இப்படிக்கு,
பழைய டெலிஃபிலிம் ரசிகர்கள்