ஒரு ரிங்கிட் கம்பெனி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலிவு விமானங்கள் பத்தின உங்க கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா மலேசியாவோட ஏர்ஏசியா மாதிரி விமானக் கம்பெனிக்கு அந்த மலிவு ரேட் எப்படி கட்டுப்படியாகுதுன்னு சொல்லவே இல்லையே. 2001ல மலேசியத் தொழிலதிபர் டோனி பெர்னாண்டஸும் கூட்டாளிங்களும் அத வாங்கினது வெறும் 1 ரிங்கிட்டுக்கு (மலேசியப் பணம்), ரெண்டே பிளேன், கூடவே கழுத்து வரைக்கும் கடன். பிளேன் தரையில நின்னா நஷ்டம், அதனால ஆளுங்கள எறக்கி, குப்பைய அள்ளி, அடுத்த கூட்டத்த ஏத்தி 25 நிமிஷத்துல கெளப்பிடணும்னு இலக்கு வச்சாங்க, அப்பறம் ஏர்பஸ் ஏ320 ஒரே ரகமா மாத்தினதுல பைலட் ட்ரெயினிங், ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாத்துலயும் செலவு மிச்சம். சாப்பாடு, பிடிச்ச சீட், பெட்டிக்கு தனிக் காசு.

இந்த தனிக் காசுலதான் நம்மாளுங்க மாட்டறாங்க. மீனம்பாக்கத்துல எந்த மலிவு கம்பெனி கவுண்டர் பக்கமும் போய்ப் பாருங்க, கைப்பை 7 கிலோ தாண்டிடுச்சுன்னு தரையில விரிச்சுப் போட்டு, முறுக்கு டப்பாவ மடியில வச்சுக்கிட்டு, சட்டை மேல சட்டை மாட்டிட்டு வேர்க்க விறுவிறுக்க நிப்பாங்க (இதுல மாமியார் வேற திட்டுவாங்க).

2014ல டாடாவோட சேந்து ஏர்ஏசியா இந்தியா பறக்க ஆரம்பிச்சப்ப மொதல்ல சென்னைதான் தளம்னு சொன்னாங்க, கடைசில பெங்களூரு தட்டிட்டுப் போயிடுச்சு. இப்ப அது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸோட கலந்தாச்சு, அத விடுங்க. விளம்பரத்துல கொட்டை எழுத்துல போடற ரேட்ட பெட்டிக் காசையும் சேத்துப் போடச் சொல்லி அரசாங்கம் ஒரு விதி போடக்கூடாதா?

ஒரு வாசகர்,
மேடவாக்கம், சென்னை