பன்னிரண்டு சொற்களைப் பிறர் கையில் கொடுக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்த்தாண்டத்தில் பதினான்கு ஆண்டுகளாகக் கைபேசி பழுதுபார்க்கும் கடை நடத்தி வருகிறேன். அண்மைக் காலமாக, உடைந்த திரையை மாற்ற வருகிறவர்களோடு, கிரிப்டோ வாலட் (பிட்காயின் போன்ற இணைய நாணயங்களைக் கையாளும் கைபேசிச் செயலி) திறந்து தரும்படி கேட்பவர்களும் வருகிறார்கள். பெரும்பாலோர் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள். சிலர் ரப்பர் தோட்ட வருமானத்தில் மிச்சம் பிடித்தவர்கள். ஸ்டேக்கிங் செய்தால், அதாவது அந்த நாணயங்களை அவற்றின் வலையமைப்பு இயங்கப் பிணையாக ஒதுக்கி வைத்தால், வட்டி போல மாதாமாதம் ஏதாவது வரும் என்று கேள்விப்பட்டு, கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு, "எல்லாம் நீங்களே செய்து தாருங்கள்" என்கிறார்கள். அந்த ஒரு சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது என்பதை உங்கள் நாளிதழ் வழியாக நம் மாவட்ட மக்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வாலட் திறக்கும்போது திரையில் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் தோன்றும். கைபேசி கடலில் விழுந்தாலும், அந்தச் சொற்களை அதே வரிசையில் வேறொரு கைபேசியில் இட்டால் பணம் மீண்டும் கைக்கு வரும். அதே காரணத்தால், அவற்றைப் பார்த்துவிட்ட எவரும், உலகின் எந்த மூலையில் இருந்தும், கடவுச்சொல்லோ ஓ.டி.பி.யோ இல்லாமல் முழுத் தொகையையும் எடுத்துக்கொள்ள முடியும். வங்கி வைப்புத்தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது. இங்கே அப்படி எதுவும் இல்லை.

குளச்சல் பக்கத்தில் கடற்கரை ஊரில் இருக்கும் என் சித்தப்பா குவைத்தில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஒரு வாட்ஸ்அப் குழுவில் அறிமுகமான ஆள் வீடு தேடி வந்து, அவருடைய கைபேசியிலேயே வாலட்டைத் திறந்து, பன்னிரண்டு சொற்களைத் தன் கையாலேயே அழகாக எழுதி, மறந்துவிடாமல் இருக்கட்டும் என்று படமும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். எடுத்தது யாருடைய கைபேசியில் என்பதைச் சித்தப்பா கவனிக்கவில்லை. நான்கு மாதம் கழித்து, சுமார் நான்கு லட்சம் ரூபாய் மதிப்புள்ள நாணயங்கள் ஒரே இரவில் வேறொரு வாலட் முகவரிக்குப் போய்விட்டன. அவர் அந்தத் தாளை பீரோவில், நிலப் பத்திரத்தோடு சேர்த்து, பத்திரமாகவே வைத்திருந்தார்.

அவரை ஏமாளி என்று சொல்ல என்னால் முடியாது. இந்தச் சொற்கள் 2,048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து வருகின்றன. ஜப்பானியம், கொரியம், பிரெஞ்சு போன்ற மொழிகளிலும் அந்தப் பட்டியல் உண்டு, தமிழில் இல்லை. ஆங்கிலம் எழுத வராதவர், எழுதத் தெரிந்தவரை நாடத்தான் செய்வார். தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்து எழுதி வைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், அதுவும் கூடாது. 'ரைட்' என்று எழுதி வைத்த ஓர் அம்மாவுக்கு, அது 'சரி' என்ற பொருளுடைய சொல்லா, 'எழுது' என்ற பொருளுடைய சொல்லா என்று பின்னர் சொல்ல முடியவில்லை. இரண்டுமே பட்டியலில் இருக்கின்றன. எழுத்துகளைப் பார்த்து, கோலம் போடுவது போல அப்படியே வரைந்தாலும் போதும், அதை உரியவரே தம் கையால் செய்ய வேண்டும். என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் திரும்பி உட்கார்ந்துகொண்டு, அவர்களையே எழுதச் சொல்கிறேன்.

எழுதியதைப் படம் எடுக்கக் கூடாது. படம் எடுத்தால் பல கைபேசிகளில் அது தானாகவே கூகுள் போட்டோசுக்குப் போய்விடும். நம் கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில் தாள் சில ஆண்டுகளிலேயே நைந்துவிடுகிறது. ஆகவே ஒரு எவர்சில்வர் தட்டில் எழுத்துகளைப் பொறித்து வைப்பது நல்லது. ஒவ்வொரு சொல்லிலும் முதல் நான்கு எழுத்துகளே போதும் என்பதால், பன்னிரண்டு சொற்களுக்கு 48 எழுத்துகளுக்கு மேல் தேவைப்படாது. பாத்திரக் கடையில் பெயர் வெட்டக் கொடுப்பது போலக் கொடுத்துவிடக் கூடாது. எழுத்து அச்சும் சுத்தியலும் வாங்கி வீட்டிலேயே அடித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஐந்நூறு ரூபாய் அளவுக்கு மட்டும் வாலட்டில் போட்டு, செயலியை அழித்து, தட்டைப் பார்த்து மீட்டெடுத்துச் சரிபார்த்த பிறகே பெரிய தொகையை அனுப்ப வேண்டும். இந்தச் சோதனையைச் செய்பவர்கள் மிகச் சிலரே. பெரிய தொகை வைப்பவர்கள் இந்தச் சொற்களை இணையத்துக்கு வெளியே காக்கும் லெட்ஜர், ட்ரெசர் போன்ற தனிக் கருவியை உற்பத்தியாளரிடமிருந்தே நேரடியாக வாங்கலாம். பெட்டிக்குள் சொற்கள் ஏற்கெனவே அச்சிட்டு வந்திருந்தால் அது மோசடிக் கருவி. சொற்கள் நம் கண்முன் அந்தக் கருவியிலேயே உருவாக வேண்டும்.

ஸ்டேக்கிங் பற்றியும் சொல்ல வேண்டும். எத்தீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பு 2022 செப்டம்பரில் இந்த முறைக்கு மாறியது. சொந்தமாக வாலிடேட்டர் (பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் கணினி) நடத்த அதன் நாணயமான ஈதர் 32 வேண்டும் என்பதால், சிறு தொகை உள்ளவர்கள் பிறரோடு சேர்ந்தே செய்கிறார்கள். கார்டானோ என்ற வேறொரு வலையமைப்பில் ஸ்டேக்கிங் செய்தாலும் நாணயம் வாலட்டை விட்டு வெளியே போவதில்லை. காஸ்மாஸ் என்ற இன்னொன்றில் திரும்ப எடுக்க 21 நாள் காத்திருக்க வேண்டும். மகள் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் போடுகிறவர்கள் அந்த 21 நாளை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். ஈதருக்கு அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு 3 விழுக்காடு அளவில்தான் கிடைக்கிறது. நாளொன்றுக்கு 1 விழுக்காடு தருகிறேன் என்பவர் செய்வது ஸ்டேக்கிங்கே அல்ல. ஸ்டேக்கிங் செய்வதற்காகப் பன்னிரண்டு சொற்களை இணையதளத்தில் தட்டச்சு செய்யச் சொன்னால், அந்த இடத்திலேயே கைபேசியை மூடிவிட வேண்டும். வாலட்டுக்குள் ஒப்புதல் தருவதே போதுமானது. சொற்கள் தேவையே இல்லை.

விற்றால் வரும் லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 விழுக்காடு வரி உண்டு, நட்டத்தை வேறு வருமானத்தில் கழிக்கவும் முடியாது என்பதைப் பலர் விற்ற பிறகுதான் அறிகிறார்கள்.

பணம் போனதை அறிந்தவுடன் சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எந்த முகவரிக்குப் போனது, பரிவர்த்தனை எண் என்ன என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். என் சித்தப்பா வெட்கத்தால் மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் இந்த எண்ணை வாரம் ஒரு முறையாவது வெளியிடவும், சைபர் குற்றப்பிரிவுக் காவல்துறையினர் பள்ளி, கல்லூரிகளோடு நின்றுவிடாமல் கடற்கரை ஊர்களிலும் ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்களிலும் தமிழில் விளக்கக் கூட்டம் நடத்துமாறு எழுதவும் பணிவன்புடன் வேண்டுகிறேன். கூட்டம் நடத்தினால், சொற்களைப் பார்த்து எழுதிப் பழக என் கடையிலுள்ள பழைய கைபேசிகளைக் கொண்டுவந்து தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கைபேசி பழுதுபார்ப்புக் கடை உரிமையாளர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.