கதவைத் தட்டினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல் என்றாலே, கருத்துக்கணிப்பை நம்பாதே என்று 2018-இல் நியூயார்க்கின் ஒரு தொகுதியில் ஜனநாயகக் கட்சிப் புதுமுகம் ஒகாசியோ-கோர்ட்டெஸ் வென்றதைக் காட்டுகிறார்கள். சரி, இருபது ஆண்டுகளாக எம்.பி.யாக இருந்த ஜோ கிரௌலியை அவர் வீழ்த்தியது சாதனைதான். ஆனால் அந்தத் தொகுதியில் விழுந்தது 30 ஆயிரம் ஓட்டுகூட இல்லை. தொண்டர்கள் வீடு வீடாகப் போனால் அங்கே கணக்கே மாறிவிடும்.

அதே நியூயார்க்கில், அதே ஆண்டு செப்டம்பரில், அதே கட்சியின் உட்கட்சித் தேர்தலில் அன்றைய மாநில ஆளுநர் கியூமோவை எதிர்த்து நின்ற நடிகை சிந்தியா நிக்சனுக்கும் உற்சாகத்துக்குக் குறைவில்லை. தோற்பார் என்றன கணிப்புகள், தோற்றார். கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு ஓட்டுதான். மாநிலம் முழுக்கப் பதிவானதோ 15 லட்சத்துக்கும் மேல். அத்தனை கதவையும் யார் தட்டுவது? நிக்சனை மட்டும் ஏனோ யாரும் நினைவுபடுத்துவதில்லை.

– வாசகர் ஒருவர்