சொல்லை மாற்றினோம், விகுதியை விட்டுவிட்டோம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ‘எதைச் சொன்னாலும் யாராவது புண்படுகிறார்கள், இந்த பொலிட்டிக்கல் கரெக்ட்னஸ் மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான நோய்’ என்று வாதிடும் கட்டுரையைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தீர்கள். இறக்குமதி என்பது வரலாற்றுக்கே பொருந்தாது. ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்று அரசு ஆவணங்களில் எழுதுவதை நிறுத்தி ‘ஆதி திராவிடர்’ என்று எழுத வேண்டும் என எம்.சி.ராஜா சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1922-இல். அரசும் அதே ஆண்டு ஏற்று ஆணையிட்டது. அதற்கும் முன்னால், 1893-இல், இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். ஒருவர் அந்தப் பெயரை ஆவணத்திலிருந்து நீக்கச் சொன்னார், மற்றவர் அதையே தன் இதழின் நெற்றியில் பொறித்தார். இரண்டு முடிவுகளையும் எடுத்தவர்கள் அந்தப் பெயரால் அழைக்கப்பட்டவர்கள்தான். எந்தச் சொல் வலிக்கிறது என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும். தமிழ்நாட்டில் இந்த விவாதம் தொடங்கியதே அப்படித்தான்.

‘அகராதியில் இருக்கும் சொல்லில் என்ன இழிவு?’ என்றும் கட்டுரையாளர் கேட்கிறார். இதற்கு உச்ச நீதிமன்றம் 2008-இல் ஸ்வரண் சிங் வழக்கில் பதில் சொல்லிவிட்டது. ஒரு சாதிப் பெயரின் வேர்ப்பொருளைப் பார்த்துத் தீர்ப்பளிக்க முடியாது, இன்று மக்கள் அதை எந்தப் பொருளில் வீசுகிறார்கள் என்பதையே பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ, அந்தப் பிரிவுகளைச் சேராத ஒருவர் பிறர் பார்க்கும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மாற்றுத்திறனாளியைப் பிறர் பார்க்கும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினாலும், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவில் அதே அளவு தண்டனைதான்.

பெயர்ச்சொற்களைப் பொறுத்தவரை தமிழ் இதழ்கள் ஓரளவு மாறியிருக்கின்றன. 2008-இல் நலவாரியம் அமைந்த பிறகு ‘திருநங்கை’ நிலைத்தது. 2010-இல் தனித் துறை வந்த பிறகு ‘மாற்றுத்திறனாளி’ நிலைத்தது. இந்த இரண்டு சொற்களையும் சரியாக எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று செய்தி அறைகள் நினைக்கின்றன. முடியவில்லை. தமிழில் அவமரியாதை பெயர்ச்சொல்லில் மட்டும் இல்லை, வினைமுற்றின் கடைசி எழுத்திலும் இருக்கிறது.

எந்த நாளிதழின் குற்றச் செய்திப் பக்கத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலாளர் ‘வந்தார்’, அவருடைய ஓட்டுநர் ‘வந்தான்’. கணவர் ‘புகார் அளித்தார்’, மனைவி ‘அழுதாள்’. கோடிக்கணக்கில் மோசடி செய்ததாகச் சொல்லப்படும் தொழிலதிபர் ‘கைது செய்யப்பட்டார்’, செல்போன் திருடியதாகச் சொல்லப்படும் இளைஞன் ‘பிடிபட்டான்’. ‘என்பவர்’, ‘என்பவன்’ என்ற இரண்டுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் வருமானமும் சாதியும்தான். தலைப்பில் ‘திருநங்கை’ என்று போட்டுவிட்டு மூன்றாம் பத்தியில் ‘அவன்’ என்று எழுதுவது இன்னும் நடக்கிறது. முதல் வரியில் கொடுத்த மரியாதையைப் பத்து வரி தாண்டிப் பிடுங்கிக்கொள்வதை வாசகர் கவனிக்காமல் இருக்கமாட்டார்.

இது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிருபருக்குக் காவல் நிலையத்திலிருந்து செய்தி வாய்மொழியாக வருகிறது. அங்கே பேசும் தொனி அப்படியே பிரதிக்கு வந்துவிடுகிறது. இரவுப் பதிப்பு அவசரத்தில் உதவி ஆசிரியர் ஊர்ப் பெயரையும் வயதையும் சரிபார்க்கிறார், வினைமுற்றைப் பார்ப்பதில்லை. கணினியில் தேடி மாற்றும் வசதியும் இங்கே கைகொடுக்காது. ‘வந்தான்’ என்பதை எல்லா இடத்திலும் ‘வந்தார்’ ஆக்கினால், மேற்கோளுக்குள் ஒருவர் தன் மகனைப் பற்றிச் சொன்னதும் மாறிவிடும். விகுதிக்கென்று ஒரு தடவை தனியாகப் படிப்பதுதான் வழி. பெயர், எண், இடம் ஆகியவற்றைப் பார்த்து முடித்த பிறகு, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் மேலிருந்து கீழாக ஓடவிட வேண்டும். ஒரு பத்திச் செய்திக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

விதியும் எளிமையாக இருக்கட்டும்: 18 வயது நிறைந்த எல்லோருக்கும் ‘ஆர்’ விகுதி. கொலைக் குற்றவாளிக்கும் மரியாதையா என்று கேட்பார்கள். ஆம், அவருக்கும்தான். யாருக்கு ‘ஆன்’ தகும் என்று உதவி ஆசிரியர் முடிவுசெய்யத் தொடங்கினால், தீர்ப்புக்கு முன்பே ஏழைகள் மட்டும் அந்த விகுதிக்குள் விழுகிறார்கள்.

அடுத்தது பெண்கள் தொடர்பான குற்றச் செய்திகள். ‘கற்பழிப்பு’ என்ற சொல் குறைந்திருக்கிறது, ஆனால் மறையவில்லை. அதில் அழிவது பெண்ணின் கற்பு, செய்தவரின் குற்றம் எங்கும் இல்லை. ஒற்றைப் பத்தித் தலைப்பில் ‘பாலியல் வன்கொடுமை’ அடங்காது என்பது வழக்கமான சாக்கு. ‘வன்புணர்வு’ அடங்கும், எண்ணிப் பாருங்கள், ‘கற்பழிப்பு’க்கும் அதற்கும் ஆறே எழுத்துதான். சொல்லைத் தேடும்போது ‘கற்பழி’ என்ற பகுதியை மட்டும் கொடுத்துத் தேட வேண்டும். ‘கற்பழித்த’, ‘கற்பழிக்கப்பட்ட’ என்பவை முழுச்சொல் தேடலில் தப்பிவிடும்.

இதைவிட என்னைக் கோபப்படுத்தும் சொல் ‘சில்மிஷம்’. ‘சிறுமியிடம் சில்மிஷம்’ என்ற தலைப்பை எத்தனை முறை பார்த்திருப்போம்! போக்சோ சட்டத்தின் 8-ஆவது பிரிவில் அந்தச் செயலுக்குக் குறைந்தபட்சம் 3 ஆண்டு சிறை. குழந்தைக்கு எதிரான குற்றத்தை விளையாட்டுப் பையனின் குறும்பு போல எழுதுவதற்கு எந்த இடநெருக்கடியும் காரணமாகாது. ‘ஈவ் டீசிங்’ என்ற சொல்லைத் தெருவில் நிகழும் பாலியல் துன்புறுத்தல் என்றே எழுதும்படி, உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் நீதிபதிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் வெளியிட்ட கையேட்டில் சொல்லியிருக்கிறது. செய்தித்தாள் அதற்குப் பின்தங்கி நிற்கலாமா?

‘கள்ளக்காதல்’ விஷயத்தில் சொல்லை மட்டும் மாற்றினால் போதாது. திருமணத்துக்கு வெளியே உறவு வைத்திருப்பது குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 27-இல் உச்ச நீதிமன்றம் அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவை நீக்கியது. கொல்லப்பட்ட பெண்ணைப் பற்றி ‘திருமணம் கடந்த உறவு’ என்று நாகரிகமாக எழுதினாலும், காவலரின் ஊகத்தைத் தலைப்பாக்கினால் பழி அந்தப் பெண் மேலேயே விழுகிறது. குற்றப்பத்திரிகையில் காரணமாக வந்திருந்தால் மட்டும், யார் சொன்னது என்பதோடு, செய்தியின் உள்ளே எழுதலாம். ‘விபசார அழகிகள் கைது’ என்ற தலைப்பை முழுவதுமாக நிறுத்த வேண்டும். சோதனையில் மீட்கப்படுபவர்களின் பெயரையும் படத்தையும் வெளியிடக் கூடாது என்று 2022 மே மாதத்திலேயே உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியிருக்கிறது.

மிகையாகத் திருத்துவதிலும் தவறு நேர்கிறது. கட்டுரையாளரின் எரிச்சலில் எனக்கு நியாயமாகப் படுவது இந்த இடம் ஒன்றுதான். ‘விபத்தில் மாற்றுத்திறனாளி ஆனார்’ என்று எழுதுகிறார்கள். ‘விபத்தில் வலது காலை இழந்தார்’ என்பது தெளிவு, மரியாதைக் குறைவும் இல்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழில் ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லோடு குறிப்பிட்டு வெளிவந்த பழைய ஆவணத்தை மேற்கோள் காட்டும்போது அந்தச் சொல்லை மாற்றக் கூடாது. பார்வையற்றவரைப் பார்வையற்றவர் என்றே சொல்லலாம். செய்திக்குத் தொடர்பில்லாவிட்டால் அதையும் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் கலாட்டா செய்தவரை ‘மனநலம் பாதிக்கப்பட்டவர்’ என்று எழுதும்போது சொல் நாகரிகமானது, தகவல்தான் பொய்யாக இருக்கக்கூடும். அப்படிச் சொன்னது மருத்துவரா, வேடிக்கை பார்த்தவரா என்று கேட்காமல் அச்சேற்றக் கூடாது. எல்லோரையும் ‘திருநங்கை’ என்று எழுதுவதும் பிழை. பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டு, ஆணாகத் தன்னை உணர்பவர் திருநம்பி, இருவருக்கும் பொதுச்சொல் திருநர். உயர் நீதிமன்றத்தின் தொடர் வலியுறுத்தலுக்குப் பிறகு 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசிதழிலேயே இதற்கான சொற்பட்டியல் வந்துவிட்டது. முன்பு வைத்திருந்த பெயரை எஃப்.ஐ.ஆரில் பார்த்து அடைப்புக்குறிக்குள் போடுவது எதற்கும் பயன்படாத தகவல், அந்த மனிதருக்கு ஆபத்தான தகவலும்கூட.

வசைச்சொல்லே செய்தியாகும்போது என்ன செய்வது? ‘சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்’ என்பது பத்தில் ஒன்பது செய்திகளுக்குப் போதும். அந்தச் சொல் வசையா இல்லையா என்பதே வழக்கின் கேள்வியாக இருந்தால் செய்தியின் உள்ளே ஒரு முறை முழுதாக அச்சிடலாம், தலைப்பில் கூடாது. முதல் எழுத்தும் புள்ளிகளும் போடும் பழக்கம் வேண்டாம். வாசகரை ஊகிக்கச் சொல்லி, அந்த வசையை அவர் வாயால் சொல்ல வைக்கும் வழி அது.

‘துப்புரவுப் பணியாளர் தூய்மைப் பணியாளர் ஆனார், கையுறை வந்ததா?’ என்று சிலர் கேட்பது சரிதான். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு அவர்கள் போராடியது பணியின் உரிமைக்காகத்தான், பெயருக்காக இல்லை. ஆனால் அந்தப் போராட்டச் செய்தியில் அவர்களில் ஒருவர் பேசும்போது ‘கூறினாரா’, ‘கூறினாளா’ என்பதைத் தீர்மானிப்பது மாநகராட்சி இல்லை, நீங்கள்தான்.

உங்கள் மாவட்ட நிருபர்களுக்கும் இரவுப் பணி உதவி ஆசிரியர்களுக்கும் ஒரு நடைக்குறிப்பு இருக்கும். விகுதி பற்றிய விதியையும் ‘சில்மிஷம்’, ‘கள்ளக்காதல்’, ‘அழகி’ ஆகிய மூன்று சொற்களுக்கான தடையையும் அதில் எழுத்தில் சேர்த்து, அந்தப் பக்கத்தை வாசகர் பார்வைக்கும் வெளியிடுங்கள். மீறல் கண்ணில் பட்டால் பக்க எண்ணோடு நாங்கள் எழுதி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்தும் வாசகர் ஒருவர்,
திருச்சி