ஆண்டறிக்கை 2025: அனுசரணை வேண்டாம் என்ற ஆண்டு

தலைவர் அவர்களே, போஷகர் ஐயா அவர்களே, வெள்ளவத்தை நுகர்வோர் சங்க அங்கத்தவர்களே, வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோல் நடந்தன. மழைக்கு வரவு மெலிந்தது, வடை இருந்த நாள்களில் நிரம்பியது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்டது குடும்ப ஒன்றுகூடலுக்கு வந்த அனுசரணைதான். ஒரு மென்பானக் கம்பனியின் பிரதிநிதி மண்டப வாடகை, பந்தல், பிள்ளைகளுக்குப் பரிசு எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பதிலுக்கு மேடையில் ஒரு பதாகை, வாசலில் இலவசப் பானம், அவ்வளவுதான். "பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கே வாங்குகிறார்கள், எங்களுக்கு என்ன?" என்று குழுவில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விளையாட்டுப் போட்டியில் தொப்பி தந்த கம்பனியைப் பிள்ளை மறப்பதில்லை. அது தெரிந்துதான் தருகிறார்கள். சீனியைப் பற்றி வகுப்பு வைத்துவிட்டு அந்தப் பதாகைக்குக் கீழே நின்று நன்றியுரை சொல்ல என்னால் முடியாது என்றேன். வாக்கெடுப்பில் மயிரிழையில் மறுத்தோம். மோரும் தேசிக்காய்த் தண்ணீரும் கொடுத்தோம். நட்டம் வந்தது, அதையும் பொருளாளர் வாசிப்பார்.

அந்த வகுப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2016 முதல் இலங்கையில் மென்பானப் போத்தல்களில் சீனிக்கு வர்ணக் குறியீடு உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ் என்றால் பச்சை, இடைப்பட்டதெல்லாம் செம்மஞ்சள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2க்கும் 11க்கும் நடுவில் எவ்வளவு இடம் கிடக்கிறது பாருங்கள்! வகுப்பில் 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றைத் திருப்பிப் பிடித்தோம். செம்மஞ்சள் வட்டம், உள்ளே 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் என்று போட்டிருந்தது. அப்போ முழுப் போத்தலில் 40 கிராம். ஓர் அக்கா சில்வர் டம்ளரில் தேக்கரண்டியால் சீனியை அள்ளி அள்ளிப் போட்டார். பத்தாவது கரண்டிக்குள் பின்வரிசைப் பையன் ஒருவன் "ஆன்ரி, காணும்!" என்று கத்திவிட்டான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம்தான் எல்லை, 25க்குள் நின்றால் இன்னும் நல்லது. செம்மஞ்சளைப் பார்த்துவிட்டு 'பரவாயில்லை' என்று வாங்கிக் கொடுத்த பெற்றோர் அன்று கொஞ்சம் யோசித்தார்கள்.

2021 மார்ச்சில் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்லடொக்சின் என்ற பூஞ்சண நச்சு இருந்தது தெரிந்தபோது யாரும் வகுப்பு வைக்கவில்லை. எல்லோருமே போத்தலைத் திருப்பிப் பார்த்தோம். பயம் போனதும் பழக்கமும் போய்விட்டது.

கடைகளிலும் பேசினோம். காலி வீதிக் குறுக்குத்தெரு முதலாளி ஒருவரின் கண்ணாடிக் குளிரூட்டி மென்பானக் கம்பனியுடையது, பெயர்ப்பலகையும் அவர்களுடையதே. "தம்பி, இளநியை உள்ளுக்கு வைச்சா கம்பனி ரெப் வந்து எடுக்கச் சொல்லுறார்" என்றார். அவரை என்னத்தைக் குறை சொல்வது?

விலை முறைப்பாடுகளை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்க அங்கத்தவர்களுக்கு உதவினோம். அதிகாரசபை நிர்ணயித்த உச்ச சில்லறை விலைக்கு மேல் விற்றால், அதன் சட்டத்துக்கு 2021இல் வந்த திருத்தத்தின் பின், தனிநபருக்குக் குறைந்தது ஒரு இலட்சம் ரூபாய், கம்பனிக்கு ஐந்து இலட்சம் ரூபாய் தண்டம். தண்ணீர்ப் போத்தலுக்குப் பத்து ரூபாய் கூட்டியவர் அகப்படுகிறார். அதே விலைக்குப் பிஸ்கட் பக்கெற்றைச் சிறிதாக்கியவர், புது எடையைச் சரியாக அச்சிட்டிருந்தால், தப்பிவிடுகிறார். இதற்கு நம்மிடம் இருப்பது ஞாபகசக்தி மட்டும். பழைய பக்கெற்றுகளைச் சேர்த்து வைத்திருக்கும் அங்கத்தவர்கள் தயவுசெய்து என்னிடம் தாருங்கள்.

அப்புறம் ஒரு விடயம். அடுத்த ஒன்றுகூடலுக்கும் அதே பிரதிநிதி தொலைபேசியில் கேட்டுவிட்டார். உணவு, பானக் கம்பனிகளிடம் அனுசரணை பெறுவதில்லை என்பதைச் சங்கத்தின் யாப்பிலேயே எழுதிவிட வேண்டும் என்று பிரேரிக்கிறேன். ஆமோதிக்க ஒருவர் வேண்டும்.