குடியிருப்போர் நலச் சங்கம், கும்பகோணம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்கள்தான் அதிகம் என்பதால் அவர்களை விட்டுவிட மனம் வரவில்லை.

சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றி மிட்டாய் வழங்கினோம். பொங்கலுக்குக் கோலப் போட்டி நடந்தது. மழைக்கு முன் வடிகால் தூர்வாரப்பட்டது. இரண்டாவது தெருவில் விளக்குகள் மாற்றப்பட்டன. மறைந்த மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. என்னிடம் நேரில் கேட்டவர்களைவிடத் தெருமுனையில் நின்று பேசியவர்கள் அதிகம்.

பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் முதல் மூன்று இடம் பிடிக்கும் பிள்ளைகளுக்குச் சங்கம் ஆண்டுதோறும் கேடயம் தருகிறது. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் மகளும் வாங்கியிருக்கிறாள். ஆனால் பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பாட்டுக்கும் நடனத்துக்கும் ஓவியத்துக்கும் போட்டி வைத்துப் பரிசு கொடுக்கிறார்கள். நாம்தான் இன்னும் 500-க்கு எவ்வளவு, 600-க்கு எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். இத்தனைக்கும் நம் ஊரிலேயே அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் தம்பி ஒருவர், பஸ் செலவும் காலை டிபனும் போதும் என்று வந்து சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டார். சங்கக் கட்டடத்தின் வராந்தாவில் வகுப்பு தொடங்கியது.

டிசம்பரில் பிள்ளைகளைத் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போனோம். அங்கே ஒரே தலையில் காளையும் யானையும் சேர்ந்த சிற்பம் ஒன்று உண்டு. காளையின் உடம்பைக் கையால் மறைத்தால் யானை தெரியும். யானையின் உடம்பை மறைத்தால் காளை. எல்லாப் பிள்ளைகளும் பார்த்து வரைந்தார்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் வீட்டுக்குப் போய், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை பிளேடால் வெட்டி, தன் படத்தின்மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்கிற மாதிரி ஒரு மூடி செய்துகொண்டு வந்தான். இழுத்தால் யானை, தள்ளினால் காளை. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அரையாண்டுத் தேர்வில் அவனுக்குக் கணக்கில் மதிப்பெண் குறைந்தது உண்மைதான். ஜனவரியிலிருந்து ஞாயிறு காலையும் டியூஷன் என்று அவனை நிறுத்திவிட்டார்கள். பெற்றோர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அளந்து, மடித்து, இரண்டு பக்கமும் சரியாகப் பொருந்தும்படி வெட்டியதும் கணக்குதானே?

பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பிரஷ் பரணுக்குப் போய்விடுகிறது. பிப்ரவரியில் வராந்தாவில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பிள்ளைகள் இருந்தார்கள். அந்தத் தம்பி அப்போதும் தவறாமல் வந்தார்.

ஆண்டு விழாவில் படங்களைக் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். கேடயம் கொடுத்து, போட்டோ எடுத்து முடிந்ததும் கூட்டம் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விட்டது. குழு உறுப்பினர்களிலும் படங்களைச் சுற்றிப் பார்த்தவர்கள் சிலர்தான். இந்த வகுப்புக்கு வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டி ஆதரவு தெரிவித்த பலரை அன்றும் காணவில்லை, மாதக் கூட்டங்களிலும் காணவில்லை. கோரத்துக்கு (குறைந்தபட்சம் இருக்கவேண்டிய எண்ணிக்கைக்கு) ஆள் இல்லாமல் கூட்டத்தை ஒத்திவைத்ததும் உண்டு.

"கலர் பென்சிலுக்குச் சங்கப் பணமா?" என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தாள், வாட்டர் கலர், டிபன் எல்லாம் சேர்த்தும் கேடயச் செலவைத் தாண்டவில்லை. அதிலும் ஒரு பகுதி நன்கொடை.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. காரணம், ஆண்டுச் சந்தா 300 ரூபாயைப் பாதி வீடுகள் இன்னும் கட்டவில்லை. சிலர் மூன்று வருடமாகக் கட்டவில்லை. பெயர்களைப் படிக்கப்போவதில்லை. பட்டியல் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

பந்தல், ஒலிபெருக்கி தந்து உதவியவர்களுக்கும், கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் அம்மாவுக்கும், தணிக்கை செய்தவருக்கும், தலைவர் அவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் வேறு யாராவது செயலாளர் பொறுப்பை ஏற்றுக்கொண்டால் எனக்குச் சந்தோஷமே. உடம்பும் முன்போல் இல்லை. யார் வந்தாலும் ஓவிய வகுப்பை நிறுத்திவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் களிமண் வேலையும் சேர்க்கலாம், மண் கொடுக்க ஆள் இருக்கிறது. கேடயத்தோடு ஒரு கைத்திறன் பரிசும் வைக்கலாம், அதற்குப் புரவலர் யாராவது கிடைத்தால். ஒருவேளை யாரும் முன்வராமல் பழையபடி என் தலையிலேயே விழுந்தால், மறுக்கமாட்டேன். ஆனால் வெறும் கையால் முழம் போட என்னால் ஆகாது.

பொருளாளர் ரசீது புத்தகத்தோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் டிபன் அவருக்கு அடுத்த மேஜையில்தான்.

செயலாளர்